ஒரு சாண் ஆழத்தில் கண்ணாடி

"கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது," என்றாள் அவள்.

"ஓடட்டும். அப்பதான் நீ நேரத்துக்குக் கிளம்புவே." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடல் ஆய்வு நிலையத்துக்கு அலை அளக்கப் போனார் கணவர். மறுநாள் கடல் அவர் உடலைத் திருப்பித் தந்தது; கண்ணாடியைத் தரவில்லை.

ஒரு வருடம் கழித்து அது கிடைத்தது. சேற்றுத் திட்டில் மாதிரிக்காக மண் வெட்டிய நிலையத்து ஊழியர், ஒரு சாண் ஆழத்தில் அதைக் கண்டு, மண் பாளத்தோடு அப்படியே பெட்டியில் எடுத்துவந்தார். புதைத்தது யார் என்று தெரு கேட்டது. அங்கே சிப்பி வளர்ப்பவன் அவள் கொழுந்தன். அண்ணனோடு ஓயாமல் சண்டை போட்டவன். அவன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

அவள் ஓய்வுபெற்ற புலனாய்வு அதிகாரியைத் தேடிப் போனாள். "அவன் கோபக்காரன்தான். ஆனா எனக்கே சந்தேகம் வர ஆரம்பிச்சிடுச்சுங்க. அதைத்தான் தாங்க முடியல."

நிலையத்து மேசையில் பாளம் இருந்தது. அதிகாரி வரச்சொல்லி, கொழுந்தனும் வந்திருந்தான். அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. உடைந்த சிப்பித் துண்டுகள். கண்ணாடி அதன்மேல் படுத்திருந்தது.

"இவர்தான் சார் புதைச்சிருக்கணும்," என்றார் அதிகாரியோடு வந்த புகைப்படக்காரர், கொழுந்தனைக் காட்டி.

அதிகாரி கொழுந்தனிடம் கேட்டார்: "இந்தச் சிப்பித்தூள்?"

"நான்தான் திட்டு முழுக்கப் பரப்பினேன். அண்ணன் போறதுக்கு முந்தின நாள். வழுக்குதுன்னு அவர்தான் சொன்னார். அதுக்கும் ஒரு சண்டை."

"மேல பரப்பினது, இப்ப ஒரு சாண் கீழே. குழி தோண்டியிருந்தா இந்தக் கோடு அறுந்திருக்கும். இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும் முழுசா ஓடுது."

"அப்ப சிப்பித்தூளை யார் புதைச்சது?" என்றார் புகைப்படக்காரர்.

"திட்டு முழுக்கப் புதைக்க ஒரு பட்டாளமே வேணும். இருக்கு. ஜன்னல் வழியா பாருங்க."

நீர் வடிந்த கரையெங்கும், பற்பசையைப் பிதுக்கியது போல ஆயிரமாயிரம் மண் சுருள்கள்.

"சேற்றுப் புழுக்கள். உள்ளே இருந்து மண்ணைத் தின்னு மேல தள்ளுதுங்க. வாயில அடங்காத சிப்பியும் கண்ணாடியும் சேர்ந்து கீழே இறங்கிடுச்சு. இதை யாரும் புதைக்கலம்மா. விழுந்த இடத்துல சும்மா கிடந்திருக்கு."

அவள் நெடுநேரம் அந்தச் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நீளப் புழுக்கள், எலும்பு கிடையாது. ஒரே வருடத்தில் கரையையே புரட்டிப் போட்டிருந்தன. அவர் இருந்திருந்தால் சாப்பாட்டை மறந்து இதைப் பேசியிருப்பார்.

"வீட்டுக்கு வா," என்றாள் கொழுந்தனிடம்.

வந்தவன் சுவரைப் பார்த்தான். "அண்ணி, கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுதே."

"தெரியும்," என்றாள்.

இன்றும் அது ஐந்து நிமிடம் முந்தியே ஓடுகிறது.