டேப் சுற்றிய கேபிள்

“இந்தத் தடியனை வேலைக்குக் கூட்டிட்டுப் போறியே, முழுசா திருப்பிக் கொண்டாந்து விடுவியா?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள். கேபிள் பழுது பார்க்கும் அக்காவோடு தம்பி முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய நாள் அது. வாசல் நிலையை அடைத்துக்கொண்டு நின்றான் அவன். உடம்புதான் மலை, பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்கிற ஆள். “கொஞ்சம் குறைஞ்சா வேணாம்பியா?” என்று அக்கா கேட்க, மூன்று பேரும் சிரித்தார்கள். அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் அம்மாவுக்கு உயிர். இவளுக்கும் அப்படித்தான், வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்று விடுமுறை. ஆளில்லாத அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், இரும்புச் சட்டத்தில் பொருத்திய, போன் கேபிள்களைச் செருகும் நெட்வொர்க் ஸ்விட்ச்சின் முன்னால் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல மதிய வெயில் என்பதை நம்ப முடியாதபடி உள்ளே ஒரு குளிர். ஏசியின் முனகல், சூடேறிய தூசியின் வாசனை, தலைக்கு மேலே தட்டில் கொத்துக் கொத்தாகப் படுத்திருந்த கேபிள்கள், அவற்றின் நிழல் சுவரில் விழுந்து, ஏசிக் காற்றுக்கு லேசாக நெளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். மேல் வரிசை முழுக்க மூன்றாவது மாடி. அறைக்கு ஒரு மேஜை போன், போனுக்கு ஒரு கேபிள், கேபிளுக்கு ஒரு பச்சை விளக்கு. எல்லாக் கேபிளிலும் அறை எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

கடைசிக் கேபிளில் மட்டும் சீட்டு இல்லை. அதன் விளக்கு எரிந்துகொண்டே இருந்து, சட்டென்று செத்து, மறுபடி உயிர் பிடித்தது. அது செத்த ஒவ்வொரு முறையும் பக்கத்து விளக்குகளும் ஒரு கணம் தடுமாறின.

தரையில் ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்த போனில், மூன்றாவது மாடியிலிருந்து தம்பியின் குரல் கரகரத்தது. “அக்கா, எல்லா ரூமும் பாத்துட்டேன். அந்தக் கடைசி ரூமுக்கு முந்துன ரூம்ல நம்ம டெஸ்டரச் சொருகியிருக்கேன். லைட் வருதா?”

“வருது. சீட்டு இல்லாம ஒண்ணு கிடக்குடா. அது எங்க போகுதுன்னு பாரு.”

“இங்க கடைசியில ஒரு இரும்புக் கதவுதான் இருக்கு. நம்பர் இல்ல, கைப்பிடியும் இல்ல. ஒரு வயர் அதோட நிலைக்குள்ள போகுது.” கொஞ்சம் நிறுத்தினான். “உள்ள யாரோ முட்டுற மாதிரி இருக்குக்கா.”

“பல்லியா இருக்கும்.”

“உனக்கு எப்பவும் கிண்டல்தான்.”

போன் வழியாக அவளுக்கும் கேட்டது. மாவு மூட்டையைச் சுவரில் எறிவது போல ஒரு மொத்தல். அதே நொடியில் கடைசி விளக்கு செத்து எழுந்தது. மோட்டார் ஏதாவது ஓடும், அதன் அதிர்வில் கேபிள் ஆடும் என்று சொல்லிக்கொண்டாள். கழுத்துக்குப் பின்னால் மட்டும் மயிர் நிமிர்ந்துகொண்டது.

அந்தக் கேபிளின் தலையில், ஸ்விட்ச்சில் செருகும் பிளக்கில், கறுப்பு டேப் சுற்றியிருந்தது. கிளிப் உடைந்த கேபிள் நழுவாமல் இருக்க, வேலை தெரியாதவர்கள் செய்கிற கூத்து இது. எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறாள். தலையை வெட்டிப் போட்டுப் புதுத் தலை மாட்டினால் தீர்ந்தது. காவலாளி உள்ளே விடும்போதே, “எதையும் கழட்டிடாதம்மா” என்றிருந்தார். எல்லாக் கட்டடத்திலும் எல்லாக் காவலாளியும் சொல்வதுதான். கழற்றாமல் எப்படிப் பழுது பார்ப்பது?

டேப்பை உரித்தாள். உரிக்க உரிக்க வந்தது. கறுப்புக்குக் கீழே வெளிறிய கறுப்பு, அதற்கும் கீழே காய்ந்து நொறுங்குகிற பழைய டேப். ஒருவர் சுற்றியதல்ல. வருடா வருடம் யார் யாரோ வந்து சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிசின் கையில் அப்பியது. எரிச்சலில் கட்டரை வைத்து ஒரே வெட்டு.

தலை உள்ளங்கையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தாள்.

கிளிப் உடையவே இல்லை.

போனில் கனமாக ஒரு ‘டொக்’.

“அக்கா,” என்றான் தம்பி. “கதவு தானா தொறந்துக்கிச்சு.”

“எந்தக் கதவு?”

“அந்த இரும்புக் கதவு. உள்ள ஒரே இருட்டு. என்ன நாத்தம் இது… பழைய ரத்தம் மாதிரி…” அவன் மூச்சு மாறியது. “அக்கா, எவனோ குனிஞ்சு நிக்கிறான்.”

அதற்குப் பிறகு அவன் ஓடுகிற சத்தம். ஒரு கதவை அறைந்து சாத்தும் சத்தம். “முதல் ரூமுக்குள்ள வந்துட்டேன்,” என்று கிசுகிசுத்தான். “மேஜைக்குக் கீழ இருக்கேன். கத்தாத.”

ஸ்விட்ச்சின் மேல் வரிசையில், தம்பியின் டெஸ்டர் இருந்த விளக்கு அணைந்தது. மினுக்கவில்லை. அணைந்தது. பிறகு அதற்கு அடுத்தது. பிறகு அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு அறையாக நுழைந்து, கேபிளைச் சுவரோடு பிடுங்கி எறிந்துகொண்டு ஏதோ வருகிறது. மேஜை புரளும் சத்தமும் கண்ணாடி நொறுங்கும் சத்தமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தன. விளக்குகள் வரிசையாக முதல் அறையை நோக்கிச் செத்துக்கொண்டே வந்தன.

வெட்டிய முனையைப் பற்றி உறையை உரித்தாள். எட்டுக் கம்பிகள், நிறத்துக்கு இரண்டு. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிற வரிசை. இப்போது நீலம் நழுவியது. மறுபடி அடுக்கினாள். முதல் அறையின் விளக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

அதுவும் அணைந்தது.

தம்பி அலறினான். அவன் அப்படி அலறி அவள் கேட்டதே இல்லை. மேஜை உடைந்தது. எதுவோ அவனைத் தூக்கி அடித்தது. சுவரில் ஒரு முறை, தரையில் ஒரு முறை. “கை! அக்கா, என் கை!” அப்புறம் பச்சைக் குச்சி முறிகிற சத்தம்.

புதுத் தலையில் கம்பிகளைச் செருகி, கட்டரின் இடுக்கில் வைத்து இறுக்கினாள். முடிந்தது. மாட்ட வேண்டியதுதான்.

“மாட்டாத!”

அறை வாசலில் காவலாளி. மூச்சிரைத்தது. தரையில் கிடந்த டேப் சுருள்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“அந்தக் கேபிள்லதான்மா பூட்டுக்குக் கரண்டு போகுது. இப்ப மாட்டுனா வெறும் கதவுதான் பூட்டும், அது வெளியிலயே நிக்கும். கொஞ்சம் பொறு. கையில கிடைச்சத இழுத்துக்கிட்டு அதுவே உள்ள போகும். போனதும் மாட்டு.”

“கையில கிடைச்சது என் தம்பி.”

“தெரியும்மா.”

“என்னது அது?”

“தெரியாது. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாலேருந்தே உள்ள இருக்கு.”

போனில் இழுபடுகிற சத்தம். வழவழத் தரையில் நகம் கீறுகிற சத்தம். “அக்கா… உள்ள இழுக்குது… பூட்டிடாதக்கா…”

“இப்ப,” என்றார் காவலாளி. “இப்ப மாட்டு.”

அவள் கேபிளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

அவர் பாய்ந்தார். வயதான மனிதர் என்று நினைத்திருந்தாள்; கை இரும்பாக இருந்தது. மணிக்கட்டைத் திருகினார். தலைமுடியைப் பிடித்து இரும்புச் சட்டத்தில் மோதினார். கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு வெடிப்பு. வாயில் உப்பு. “ஊரே போயிடும்மா! கொடு!” என்று அழுதுகொண்டே அடித்தார். அவள் அவர் கையைக் கடித்தாள். சதை பல்லுக்குள் வந்தது. அவர் பிடி தளர்ந்த நொடியில் கட்டரை ஓங்கி அவர் நெற்றியில் இறக்கினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் சட்டைப் பையில் இறங்கியது.

ஏசி முனகியது.

“தம்பி?” என்றாள். “டேய் தடியா?”

போனை எடுத்துக் காதோடு அழுத்தினாள். பிறகு அவன் அழுகை. ஈரமான, உடைந்த, உயிருள்ள அழுகை.

“விட்டுடுச்சுக்கா. கதவுகிட்ட போட்டுட்டு… திடீர்னு தலையத் தூக்கிப் பாத்துச்சு. என்ன விட்டுட்டுப் போயிடுச்சு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “வலிக்குதா? அசையாத. நான் மேல வரேன். இரு, இதோ வரேன்.” எழுந்தாள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எந்தப் பக்கம் போச்சுடா?”

“படி. கீழ போற படி. நீ பேசுறது போன்ல அதுக்குக் கேட்டுச்சு போலக்கா… கீழ மோந்துக்கிட்டே…”

ஸ்விட்ச்சின் நடு வரிசை இரண்டாவது மாடி. படியை ஒட்டிய அறையின் விளக்கு அணைந்தது.

காவலாளியும் பார்த்தார்.

மற்ற அறைகளை அது தொடவில்லை. கீழ் வரிசை, முதல் மாடி. படியை ஒட்டிய அறை. அணைந்தது.

தலைக்கு மேலே தட்டில் படுத்திருந்த கேபிள்கள் மெல்ல விறைத்தன. யாரோ மறுமுனையைக் கொத்தாகப் பிடித்து இழுப்பது போல. ஒன்று பட்டென்று அறுந்து அவள் தோளில் சாட்டையாக விழுந்தது. பழைய ரத்தத்தின் வாசனை அறைக்குள் வந்தது.

“அண்ணே,” என்றாள் அவள். “அண்ணே, வெளிய போக வேற வழி இருக்கா?”

காவலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பிடியிலிருந்த கேபிளைப் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் கைக்குள் பொத்திக்கொண்டார். பிறகு வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தி, அந்தப் பக்கமிருந்து பூட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு நடந்து போனார்.