மிதிக்காத பெடல்

கிளட்ச் பெடல் வெதுவெதுப்பாக இருந்தது.

நனைந்து ஊறிய செருப்பைக் கழற்றிப் பக்கத்து இருக்கையின் கீழே போட்டுவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து, இடது பாதத்தைப் பெடலின்மேல் வைத்த நொடியிலேயே திருமுருகனுக்கு அது உறைத்தது. காருக்குள் மற்றதெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. ஸ்டியரிங், கியர் குமிழ், கதவின் கைப்பிடி, எல்லாமே மழைக்காற்றில் விறைத்திருந்தன. உள்ளங்கை அகலமுள்ள அந்த ரப்பர் மட்டும், யாரோ இப்போதுதான் காலை எடுத்துவிட்டு இறங்கிப் போன மாதிரி இருந்தது.

இறங்கிப் போக அதில் யாரும் இல்லை. நசரத்பேட்டையில் துலுக்கானத்தின் பட்டறைக்கு அவன் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோதே கார் வெளியே, கொட்டுகிற மழையில், பூட்டி நின்றது. இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பட்டறைக்குள் இரண்டு வண்டி நிறுத்தும் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

"ஏன் வெளிய விட்டிருக்கீங்க?" என்று திருமுருகன் கேட்டான்.

துலுக்கானம் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. வீசினான். போன வாரம் இதே ஆள்தான், "இத்த மாத்திட்டா வண்டி பறக்கும் சார்" என்று பல் தெரியச் சிரித்தவன்.

"வேல முடிஞ்சிச்சி. புது கிளட்ச்சு, புது கியர் செட்டு. எல்லாம் நீ வாங்கியாந்த மாலுதான், டப்பாவ பிரிச்சி அப்டியே போட்டுட்டேன். எடுத்துகினு கெளம்பு சார்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"ஓட்டல."

"ஓட்டிப் பாக்காம எப்படி..."

"ஓட்ட மாட்டேன்றேன்ல? தள்ளிகினு வந்துதான் வெளிய உட்டேன். இன்னொரு வாட்டி இத்த இங்க கொணாராத. வந்தியானா ஷட்டர எறக்கிடுவேன்." சொல்லும்போது அவன் திருமுருகனின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகத்தான் இவ்வளவும். இருந்த கிளட்ச் வழுக்குகிறது, கியர்களுக்கிடையே வேகம் செத்துப்போகிறது என்று மாதக்கணக்கில் புலம்பி, வீட்டில் மனைவி அகல்யாவோடு சண்டை போட்டு, கனமான கிளட்ச்சும் நெருக்கமான பல்சக்கரங்களும் தேடி வரவழைத்திருந்தான். அதை இப்படி முகத்தில் அடித்தாற்போலத் திருப்பித் தருகிறானே என்று கறுவிக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். கிளட்ச் நன்றாகவே கனத்தது. தொடை நரம்பு புடைக்க அழுத்த வேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு கியரும் கத்தி உறையில் இறங்குவதுபோல் இறங்கியது. கோபம்கூடக் கொஞ்சம் தணிந்தது.

பூந்தமல்லியில் எல்லாம் நின்றுவிட்டது. மெட்ரோ வேலைக்காக வைத்த தகரத் தடுப்புகள் சாலையைப் பாதியாகக் குறுக்கியிருக்க, மேலே முடிவுபெறாத தூண்களிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக ஒழுக, முன்னும் பின்னும் பேருந்துகள் விடாமல் ஒலியெழுப்ப, விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம் சேற்றுக் குட்டையில் செத்துக் கொண்டிருந்தது. ஓர் அடி நகர்வது, நிற்பது, மறுபடி ஓர் அடி. கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போனது.

பிறகு வலி குறைந்தது. பெடல் இலகுவாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். இன்னும் இரண்டு முறை நகர்ந்த பிறகே புரிந்தது. அவன் பாதம் போய்ச் சேர்வதற்கு ஒரு நூல் முன்னால் பெடல் தானாகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

காருக்குள் வாடை வந்தது. தேய்ந்த கிளட்ச்சின் கருகல் இல்லை. மழைக்காலத்தில் தண்ணீரிலேயே நின்று விரலிடுக்கு வெந்துபோன கால்களில் வருமே, சேற்றுப்புண், அந்த வாடை. தன் செருப்பாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கண்ணாடியை இறக்கினான். வாடை போகவில்லை.

மழைக்கோட்டு போட்ட ஒருவன் பைக்கை நிறுத்தி, பானெட்டில் ஓங்கித் தட்டினான். "இன்னா மாமே, செவப்பு வண்டி வச்சிகினு கீறேன்னா ரோடு உன் அப்பன் ஊட்டுதா? நவுரு!"

திருமுருகன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் இடது காலுக்கடியில் பெடல் மேலே வந்தது. அவன் விடவில்லை, முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டுதான் இருந்தான். அவன் காலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அது மேலே வந்தது. கார் ஒரு துள்ளுத் துள்ளியது. அவன் பிரேக்கில் ஏறி நிற்பதற்குள் பைக்காரன் சேற்றில் விழுந்திருந்தான். எழுந்தவன் திட்டவில்லை. கண்ணாடி வழியாக உள்ளே, கீழே, எதையோ பார்த்தான். பைக்கைத் தூக்கித் தள்ளிக்கொண்டு ஓடினான்.

குமணன்சாவடி திரும்பி மாங்காடு சாலையில் ஏறியபோது அகல்யா அழைத்தாள்.

"எங்க இருக்கீங்க? கரண்ட் போயிடுச்சு. பேஸ்மென்ட்ல தண்ணி ஏறுது. என் ஸ்கூட்டர் முங்கிடும்."

"அஞ்சு நிமிஷம். நீ எறங்காத, நான் வந்துடறேன்."

"ஆமா, உங்க காருக்கு வேல பாக்கறதுக்கே உங்களுக்கு நேரம் சரியா இருக்கு. நானே தள்ளிக்கறேன்." வைத்துவிட்டாள்.

அடுக்குமாடி வீடு இருளில் நின்றது. பழக்கத்தில் அவன் காரைத் திருப்பி, பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் சரிவின் தலையில், மூக்கு கீழே பார்க்க நிறுத்தினான். கீழே கறுப்பாகத் தண்ணீர் மினுங்கியது. கார் உருளாமலிருக்க முதல் கியரில் போட்டான். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினான். அவள் வந்தால் தெரியட்டும் என்று முகப்பு விளக்கை மட்டும் விட்டுவைத்தான்.

இனி இந்தக் காரில் ஏறுவதில்லை. காலையில் யாராவது இழுத்துக்கொண்டு போகட்டும்.

கதவில் கை வைத்தபோது செல்போன் ஒலித்தது. துலுக்கானம்.

"சார்." குரல் பட்டறையில் கேட்ட குரலாக இல்லை. "மனசு கேக்கல சார். வண்டிலயா கீற?"

"ஆமா. என்னய்யா பண்ணி வச்சிருக்க? கிளட்ச் தானா..."

"செருப்பு போட்டுகினு கீறியா?"

"இல்ல. கழட்டிட்டேன்."

மறுமுனையில் இரும்பு ஏதோ தரையில் விழுந்தது.

"கால எடு சார். மொதல்ல கால மேல எடு."

அழைப்பு அறுந்தது. திருமுருகன் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கூரையில் மழை. வேறு சத்தம் இல்லை.

இருந்தது.

கிரீச். டக். கிரீச். டக்.

காத்திருந்து சலித்துப்போன ஒருவன் சும்மா மிதித்துப் பார்ப்பதுபோல.

செல்போன் விளக்கைக் கீழே காட்டினான்.

ஒரு கால். இடது கால். வெறுங்கால். குதிகாலைக் கால்மிதியில் ஊன்றி, விரல்களைப் பெடலில் வைத்திருந்தது, ஓட்டத் தெரிந்தவர்கள் வைப்பதுபோல. விரலிடுக்கெல்லாம் வெளுத்து வெந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே டாஷ்போர்டின் இருட்டு. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

அது மிதிப்பதை நிறுத்தியது. வெளிச்சம் பட்டதை உணர்ந்ததுபோல.

அப்போதுதான் சரிவின் அடியில் அகல்யா தெரிந்தாள். குடை இல்லை. முடி முகத்தில் ஒட்டியிருந்தது. கிளம்பாத ஸ்கூட்டரை, தலையைக் குனிந்து, மூச்சைப் பிடித்து, மேலே தள்ளிக்கொண்டு வந்தாள். இருபுறமும் சுவர்.

கால் பெடலை அழுத்தியது. மெதுவாக. அடிவரை.

கியரின் பிடி விட்டது. கார் சத்தமே இல்லாமல் உருண்டது.

கை பிரேக்கை இழுத்தான். இறுக்கமே இல்லாமல் மேலே வந்தது. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டுவிட்டது. சாவி எங்கோ விழுந்திருந்தது. ஹார்னை அடித்தான். அகல்யா நிமிர்ந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிரித்தாள். உதவிக்கு வருகிறான் என்று நினைத்துவிட்டாள்.

பிரேக். பிரேக் ஒன்று போதும்.

அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது பிரேக். அவன் முதுகெலும்பெல்லாம் வேண்டாம் என்றது. அகல்யா, என்று வாய்விட்டுச் சொன்னான். கண்ணை இறுக மூடி, வலது காலைக் கீழே விட்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தான்.

பெடல் இறங்கவில்லை.

அடியில் ஏதோ முட்டுக் கொடுத்திருந்தது. மெத்தென்று. வெதுவெதுப்பாக.

கண்ணைத் திறந்தான். அகல்யா ஸ்கூட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு, மறுகையை விரித்து, நில்லுங்கள் என்று காட்டிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் முகம் முழுக்க நிறைந்தது. பெடலுக்கு அடியிலிருந்து ஈரமான விரல்கள் வெளியே நீண்டு, அவன் கால்விரல்களின்மேல் ஒவ்வொன்றாகப் படிந்தன.