சத்தமில்லாத பிரசவம்

வின்னியின் வாயில் துணி இருந்தது. நாலாக மடித்துச் சுருட்டிய பழைய தலையணை உறை. அதைப் பற்களுக்கு நடுவே வைத்துவிட்டது அவளுடைய அக்கா பிலோமினாதான். வலி ஏறியது, கழுத்து நரம்பு புடைத்தது, விரல் நகம் பாயின் கோரையைப் பிய்த்தது. ஆனாலும் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. சமர்த்து என்று பிலோமினா மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் முனகல் கேட்டது.

அடுப்படிப் பக்கமிருந்து. தரைக்குக் கீழிருந்து. நீளமாக, அடித்தொண்டையில் இழுத்து இழுத்து வந்த அந்தச் சத்தத்தில் அலமாரி டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிணுகிணுத்தன. வின்னியின் வலி இறங்கியபோது அதுவும் ஓய்ந்தது.

"ஏர் பிளாஸ்ட்டு," என்றாள் பிலோமினா. "ஒண்ணுமில்லடி. ஏர் பிளாஸ்ட்டுதான்."

தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கீழே சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். சாப்பிடுகிறவர்கள் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடுவார்கள். அப்படி வளர்ந்தவர்கள் இவர்கள். அந்த வருஷம் சுரங்கத்தை மொத்தமாக மூடிவிட்டார்கள். பம்புகள் நின்றுபோயின, ஆளில்லாத லெவல் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் ஏறுகிறது என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். அவ்வளவு தண்ணீர் ஏறினால் சத்தம் வராதா? வரத்தானே செய்யும்.

பிலோமினா ஒன்றும் பிரசவம் பார்க்காதவள் இல்லை. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. டாக்டரம்மா கால்மாட்டில் இருந்தால் இவள் தலைமாட்டில் நிற்பாள். இடுப்பை நீவிவிடுவாள், வியர்வை துடைப்பாள், கையைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பாள். "கத்தும்மா, நல்லா கத்து, இங்க யாரு இன்னா சொல்லப் போறாங்க" என்று ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தைரியம் சொன்ன வாய் அவளுடையது. அதே வாயால்தான் இன்று மத்தியானம் சொந்தத் தங்கச்சியிடம், "சத்தம் வெளில போச்சு, கொன்னுடுவேன்" என்று சொன்னாள். சொன்ன மறுநிமிஷம் உடம்பு கூசிப்போயிற்று. கூசினால் என்ன, துணியை எடுத்தாளா? எடுக்கவில்லை.

வின்னிக்குக் கல்யாணம் ஆகவில்லை. விஷயம் அவ்வளவுதான். யாரடி அவன் என்று பிலோமினா அறைந்து பார்த்தாள், காலைப் பிடித்தும் பார்த்தாள். வின்னி வாய் திறக்கவில்லை. வேலூரில் டைப்பிங் படிக்கிறாள் என்று மாதா கோயிலிலும் லைன் வீடுகளிலும் சொல்லிவிட்டு, அவளைப் பின்னறையில் ஒளித்து ஜன்னலுக்கு ஆணி அடித்தாயிற்று. பிலோமினாவின் புருஷன் ஞானதாஸ் ஃபாக்டரியில் ஃபிட்டர். அந்த அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாப்பிட்டுக் கைகழுவி செகண்ட் ஷிஃப்டுக்குப் போய்விட்டான். குழந்தை பிறந்ததும் அவன் பேத்தமங்களாவுக்குச் சொல்லியனுப்புவான். அங்கிருந்து பிள்ளையில்லாத ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதுவரை யாருக்கும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

இந்த நாளில்தானா பக்கத்து வீட்டில் வளைகாப்பு வரவேண்டும்! நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் வளையல் கடைக்காரர் சம்சாரம் பார்வதம்மா, தன் மருமகள் பல்லவிக்கு ஏழாம் மாசத்து வளைகாப்பை ஊரைக் கூட்டி நடத்திக்கொண்டிருந்தாள். காலையில் பூவும் சந்தனமுமாக வந்து பிலோமினாவையும் அழைத்தாள். "தலைவலி, படுத்துக்கறேன்" என்று வாசலிலேயே அனுப்பிவைத்தாள் பிலோமினா. மழை பிடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போய்விட்டது. சாயங்கால வெளிச்சம் ஆணியடித்த ஜன்னல் இடுக்கு வழியாகச் சாம்பல் கோடாக விழுந்தது. மண்ணெண்ணெய், டெட்டால், வியர்வை எல்லாம் கலந்த வாடை இந்தப் பக்கம். மல்லிகையும் புளியோதரையும் அந்தப் பக்கம். அங்கே ஒரு வயிற்றுக்குக் கை நிறைய வளையல், இங்கே இன்னொரு வயிற்றுக்கு வாயடைக்கத் துணி. 

பிரசவ வீட்டில் எதுவும் மூடியிருக்கக் கூடாது என்பார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்களானாலும் அதை விடுவதில்லை. பிலோமினாவும் பெட்டிகளைத் திறந்துவைத்தாள், அரிசி டின் மூடியை எடுத்தாள், பீரோவைத் திறந்தாள், வின்னியின் பின்னலை அவிழ்த்தாள், மூட்டை முடிச்செல்லாம் தளர்த்தினாள்.

வலி இல்லாத இடைவெளியில் வின்னி துணியைத் துப்பிவிட்டு, "கதவு?" என்றாள்.

"சும்மா கெட."

"எல்லாத்தையும் தொறந்த. வாசக்கதவ மட்டும் சாத்தி வச்சிக்கீறியேக்கா."

 அடுத்த வலி வந்தது. பிலோமினா துணியைத் திரும்ப வைத்தாள்.

இந்த முறை சத்தம் அடுப்படியில் இல்லை. நகர்ந்து வந்திருந்தது. பாய்க்குக் கீழே, சிமெண்டுத் தரைக்கு அடியில், வின்னியின் முதுகுக்கு நேராகக் கிளம்பி, மெல்ல மெல்லப் பக்கத்து வீட்டுச் சுவரை நோக்கிப் போனது. பிலோமினா உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். அழுகிறவள் முதுகில் கை வைத்தால் எப்படி அதிருமோ அப்படி அதிர்ந்தது.

அந்தப் பக்கம் பாட்டு நின்றது.

"இன்னாது சத்தம்?" என்றது ஒரு பெண் குரல்.

"ஏர் பிளாஸ்ட்டுதான். மைன மூடியும் அடங்கல பாரு," என்றாள் பார்வதம்மா. எல்லோரும் சிரித்தார்கள். வளையல் சத்தம் மறுபடி கிளம்பியது.

பிலோமினாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்கே அவளுக்கு அவமானமாக இருந்தது. தங்கச்சி சாகக் கிடக்கிறாள், இவளுக்கு அப்பாடாவா?

அடுத்த வலி நெருக்கமாக வந்தது. கீழே அந்தச் சத்தமும் கூடவே வந்தது. இப்போது அது வெறும் முனகல் இல்லை. அதில் ஒரு வார்த்தை இருந்தது.

அக்கா.

வின்னியின் குரல். தரைக்குள்ளிருந்து.

பாறை பேசுமா? தண்ணீர் கூப்பிடுமா? பிலோமினா வெடுக்கென்று துணியை உருவினாள். "வின்னி. இன்னா சொன்ன? மறுபடி சொல்லு."

வின்னியின் உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. தொண்டை விடைக்க, கண் பிதுங்க, முழு மூச்சையும் கூட்டி அவள் கத்தினாள். வாய் குகைபோல் திறந்திருந்தது. காற்றுகூடக் கேட்கவில்லை. கீழே மட்டும், சுவரோரமாக, அக்கா, அக்கா, அக்கா.

 போதும், மானமாவது மண்ணாங்கட்டியாவது. பார்வதம்மா வீட்டு வாசலில் டெம்போ நிற்கிறது; தூக்கிப் போட்டுக்கொண்டு நர்சிங் ஹோமுக்குப் போய்விடலாம். பிலோமினா ஓடிப்போய் வாசக்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். பாதி இழுத்தும்விட்டாள்.

வெளியே சோவென்று மழை. பக்கத்து வீட்டுப் பந்தலுக்கடியில் கைகழுவிக்கொண்டிருந்த பெண்கள் பேசுவது கேட்டது.

"பிலோமினா வரலியா?"

"தலைவலியாம். பாவம், தங்கச்சியப் படிக்க வைக்கறா, ஒழைக்கறா. இந்த லைன்ல அவளப் போல மரியாதையான பொம்பள யாரு கீறாங்க, சொல்லு."

கை நின்றது.

அந்த மரியாதை என்ற சொல் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தானே. தலை தெரிகிற நேரம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும். பிலோமினா தாழ்ப்பாளைப் பழையபடி தள்ளினாள். உள்ளே வந்தாள். வின்னி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், குனிந்து, துணியை எடுத்து, குரலே வராத அந்த வாயில் திரும்பவும் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"முக்கும்மா. இன்னும் ஒரு தடவ. என் கண்ணுல்ல, முக்கு."

தலை வந்தது. தோள். பிறகு வழுக்கிக்கொண்டு முழுசாக.

பெண் குழந்தை. சூடாக இருந்தது. கை கால் உதைத்தது. நல்ல நிறம். குறை என்று எதுவும் இல்லை. பிலோமினா முகத்தைத் துடைத்தாள், வாய்க்குள் விரல் விட்டு வழித்தாள், முதுகைத் தேய்த்தாள்.

குழந்தை வாயைத் திறந்து அழுதது.

சத்தமில்லை.

முகம் சிவந்தது. உதடு நடுங்கியது. ஈறு தெரிந்தது. வீறிட்டு அழுகிற குழந்தைதான். ஆனால் அறையில் மழைச் சத்தம் மட்டும்.

அழுகை அந்தப் பக்கம் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம். பச்சைக் குழந்தையின் குரல். கூர்மையாக. வளையல்களுக்கு நடுவே.

பாட்டு அறுந்தது. தாம்பாளம் விழுந்து உருண்டது.  பிறகு பல்லவி அலறினாள்.

"அத்தே! உள்ள... வயித்துக்குள்ள அழுவுது அத்தே!"

நாற்காலி சாய்ந்தது. பெண்கள் கூச்சலிட்டார்கள். சாமி பெயரைச் சொன்னார்கள். பிலோமினா கையில் குழந்தை மூச்சு வாங்கி நிறுத்தும்போது அங்கே அழுகை நின்றது. இங்கே வாய் திறந்தால் அங்கே வீறிட்டது.

ஓடிவரும் காலடிகள். கதவு இடிபட்டது.

"பிலோமினா! கதவத் தொற!" பார்வதம்மாவின் குரல் உடைந்திருந்தது. "நீ ஆஸ்பத்திரில கீறவ. எம் மருமவள வந்து பாரும்மா. வயித்துல கொழந்த அழுவுது. அவ செத்துடுவா போலக்கீது. பிலோமினா!"

கதவு அதிர்ந்தது. தாழ்ப்பாள் குதித்தது. பிலோமினாவின் கை தன்னால் போயிற்று. பழக்கம். மத்தியானத்திலிருந்து செய்துகொண்டிருந்த பழக்கம். உள்ளங்கை குழந்தையின் வாயை மூடியது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

விரலைக் கொஞ்சம் தளர்த்தினாள். வீறிட்டது. பல்லவியும் கூடவே அலறினாள்.

மூடினாள்.

நின்றது.

"நின்னுடுச்சு," என்று யாரோ சொன்னார்கள். "பார்வதம்மா, வாங்க, நின்னுடுச்சு! பல்லவி கண்ணத் தொறந்துட்டா."

கதவை இடிப்பது ஓய்ந்தது. வெளியே பார்வதம்மா வாய்விட்டு அழுதாள். "தாயே, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்றாள் யாரிடமோ. காலடிகள் திரும்பிப் போயின. அங்கே யாரோ தண்ணீர் கேட்டார்கள். யாரோ நிம்மதியாகச் சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

வின்னி பாயிலிருந்து ஊர்ந்து வந்தாள். அக்காவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். துணியைத் துப்பிவிட்டு வாய் பிளந்து கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை.

பிலோமினாவின் கைக்குள் அந்தச் சின்ன வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. ஈரமாக, சூடாக. ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மெதுவாக. அவள் வாசக்கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை எடுக்கவில்லை.