எட்டு 'பி'யில் ஒழுகுதா?

கதவைத் திறந்த மூக்கையா கண்டது, இருட்டறையில் வரிசையாகக் கிடந்த முப்பது பிணங்களை.

அப்படித்தான் அவனுக்குப் பட்டது. வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது... உள்ளே விளக்கில்லை... பாய்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்மூடி, கைகால் பரப்பி, அசைவே இல்லாமல் கிடக்கிறார்கள். நடுவில் ஒரு பெண். அவளும் மல்லாந்துதான்.

அரசுப் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டும் கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தபோது அவனுக்கு அரை நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பாதி நேரம் தூங்கினான். மீதி நேரம் பிரியாணி. அதையும் மீறி இரண்டு பாடம் மண்டையில் தங்கியிருந்தது. யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை அணை. அப்புறம், ஆளைக் கையால் தொடாதே. காய்ந்த கம்பால் தள்ளு.

ஓடினான். மெயினை அணைத்தான். பள்ளிக்கூடமே இருண்டது. கம்ப்யூட்டர் லேபில் பத்தாம் வகுப்பு எழுதிக்கொண்டிருந்த ஆன்லைன் தேர்வு அணைந்தது. தலைமை ஆசிரியையின் அறையில், காலையிலிருந்து இணையத்தில் ஏறிக்கொண்டிருந்த ஏதோ ஒரு புள்ளிவிவரம், ஏறி முடிய ஒரு நூல் இருக்கும்போது உயிரை விட்டது. மூக்கையா அதே வேகத்தில் திரும்பி வந்து, மூலையில் சாய்த்திருந்த ஒட்டடைக் கம்பை எடுத்து, பெரிய ஆளை முதலில் காப்பாற்றுவோம் என்று நடுவில் கிடந்தவளின் தோளில் ஒரு நெம்பு நெம்பினான்.

அவள் கண் திறந்தாள்.

அடடா... அந்தக் கண்கள்! மழையில் கழுவி வைத்த நாவல்பழம் இரண்டு... கறுத்து, பளபளத்து... கோபத்தில் இன்னும் கொஞ்சம் பழுத்து... கம்பைக் கீழே போட வேண்டும் என்பதே மூக்கையாவுக்கு மறந்துபோனது.

"ஏனுங்க..." என்றாள் அவள், படுத்தபடியே, மிகவும் நிதானமாக. "நான் என்னங்க, எட்டுக்கால் பூச்சியா?"

"நீங்க... உசுரோடதான் இருக்கீகளா?"

"இப்ப நீங்க வர்ற வரைக்கும் ரொம்ப நல்லாத்தானுங்க இருந்தேன்."

முப்பது பிணங்களும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின.

அவள் பெயர் அன்புக்கரசி. ஊர் ஆயக்குடி. பிள்ளைகளின் மனநலம் பார்க்க வரும் ஆலோசகர்; பள்ளிக்கூடத்தில் 'கவுன்சிலரம்மா'. பரீட்சைப் பயம் போக, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பயம் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அடுத்த வருஷத்துப் பரீட்சைக்கான பயமும் சேர்ந்து போயிருக்கும்.

"யா அல்லாஹ்! எவன்ப்பா மெயினை அமத்துனது?" என்று குரல் முன்னே வர, தலைமை ஆசிரியை ஜெய்தூன் பீவி பின்னே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கம்பைப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று ஒரு கணம் யோசித்து, இரண்டையும் ஒத்திவைத்தார்.

"போர்டு மாட்ட வந்த தம்பியா நீ? நல்லாருக்கு. இந்த ரூம்லயே மாட்டிடு. அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆபீசர் வாராங்க. அதுக்குள்ள முடிஞ்சிருக்கணும்."

நாவல்பழங்கள் சட்டென்று வாடின.

"மேடம், இது நான் பிள்ளைகளைப் பார்க்கிற ரூமுங்க..."

"தெரியும் அன்பு. ஆனா போர்டு எட்டு 'பி'க்கு வந்தது. அந்தக் கிளாசு ஒழுகுது. நான் இந்தப் பேகம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள்லருந்து ஒழுகுது. எத்தனையோ இஞ்சினியர் வந்து அண்ணாந்து பாத்துட்டுக் கழுத்து வலியோட போய்ட்டாங்க. காலியா, நனையாம இருக்குற சுவரு இந்த ரூம்ல மட்டுந்தான் இருக்கு. இம்புட்டு வெலை போர்டை நனைய விட்டா என் பென்சன்ல பிடிப்பாங்கம்மா."

அவர் போன பிறகு மூக்கையா டிரில்லிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, சிவபெருமானின் சூலத்தைத் தவறுதலாக எடுத்து வந்தவன் போல நின்றான்.

"மேடம்... வேற ரூமு இல்லையா உங்களுக்கு? மரத்தடி, வராண்டா..."

"கதவு இருக்குங்களா வராண்டாவுக்கு?"

அவள் எழுந்து போய்க் கதவின் உள்பக்கத்தைக் காட்டினாள். ஒரு சின்ன இரும்புத் தாழ்ப்பாள். பூட்டுக்கே பேர் வாங்கிய திண்டுக்கல்லில், அந்தப் பள்ளியில் உள்ளிருந்து தாழ் போட முடிகிற அறை அது ஒன்றுதான்.

"ஒரு பிள்ளைங்க... பேரு வேண்டாம். மூணு வாரமா வரும், உக்காரும், போகும். ஒரு வார்த்தை பேசலை. போன வாரம் தானா எந்திரிச்சுப் போயித் தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்து உக்காந்துச்சு. அப்புறந்தான் பேசுச்சுங்க. ஒரு மணி நேரம்... அழுதுக்கிட்டே." தாழ்ப்பாளை விரலால் தடவினாள். "நீங்க போர்டை மாட்டுனா நாள் முழுக்க இங்க கிளாஸ் நடக்கும். அந்தப் பிள்ளை எங்கீங்க போகும்?"

மூக்கையாவுக்குத் தெரிந்த ஒரே பதில், "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பது. அதைச் சொல்லாமல் இருந்ததுதான் அவன் வாழ்க்கையில் அதுவரை செய்த ஆகப் பெரிய புத்திசாலித்தனம்.

மறுநாள் மழை நின்றிருந்தது. மூக்கையா தலைமை ஆசிரியையிடம் போய், "மேடம், போர்டை மாட்டுற இரும்புச் சட்டம் வரலை. கம்பெனி அனுப்ப மறந்துட்டாங்க" என்றான். சட்டம் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாகப் படுத்திருந்தது. அதை அந்த அறையின் மூலையில் அடுக்கியிருந்த பழைய பாய்களுக்கு அடியில் சொருகிவிட்டு, எட்டு 'பி'யின் மொட்டை மாடிக்கு ஏறினான்.

அய்யலூர் பக்கத்துப் பிள்ளை அவன். ஓடு மாற்றி, ஓலை வேய்ந்து வளர்ந்தவன். ஒழுகும் கூரையை இஞ்சினியர்கள் போலக் கீழேயிருந்து பார்க்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். மாடியில் குளம் கட்டி நின்றது தண்ணீர். வடிகால் குழாயில் முழங்கை வரை கையை விட்டான். வந்தது: இறகுப்பந்து, டென்னிஸ் பந்து, டிபன் டப்பா மூடி, ஒற்றைக் கொலுசு, 'சிறந்த தூய்மைப் பள்ளி' என்று எழுதிய தகரப் பலகை ஒன்று. கடைசிப் பொருளை மரியாதை கருதித் துடைத்துத் தனியே வைத்தான். தண்ணீர் 'களக்'கென்று இறங்கியது. அதற்கடுத்த நாள், காய்ந்த விரிசலில் சிமெண்டுப் பால் ஊற்றி அடைத்தான்.

சரி... அடைத்தாயிற்று. ஒழுகாது என்று எப்படி நிரூபிப்பது? மழை வர வேண்டும். திண்டுக்கல்லில் மழை வேண்டும் என்று எவன் நினைக்கிறானோ, அன்றோடு மழை ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடும். வானம் நீலமாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

ஆகவே பொய்கள் தொடர்ந்தன. சட்டம் வரவில்லை. எர்த் சரியில்லை. இந்தச் சுவரில் ஆணி இறங்காது மேடம், பழைய காலத்துச் சுவர், மானஸ்தன்.

மத்தியானங்களில் அன்புக்கரசி கொய்யாப்பழம் கொண்டு வந்தாள். வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, டப்பா மூடியில் வைத்து நீட்டுவாள்.

"எங்க தோப்புதானுங்க. சாப்பிடுங்க. கம்பெனிக்காரங்க ஒரு சட்டம்கூட அனுப்பாம உங்களை இப்படி அலைய வெக்கிறாங்களே... கோபமே வராதுங்களா உங்களுக்கு?"

"கோவமா... வருது மேடம். காரம் தூக்கலா இருக்கு, அதுல மறந்துருது."

"அந்த உணர்வை உடம்புல எங்கீங்க உணர்றீங்க?"

"நாக்குல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மூக்கையாவின் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு ஃபியூஸ் போனது... மாற்று ஃபியூஸ் கம்பெனியில் கிடையாது.

ஆய்வுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை. பாயை உருவப் போன அன்புக்கரசியின் கையில் இரும்புச் சட்டம் தட்டுப்பட்டது.

மூக்கையா உள்ளே வந்தபோது அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்களில் முதல் நாள் கோபம் இல்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது.

"வரலைன்னீங்களே..."

"மேடம், அது... உங்களுக்காகத்தான்..."

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி நான் கேட்டனுங்களா? நாளைக்கு இது தெரிஞ்சா, கவுன்சிலரம்மாதான் டெக்னீஷியனைக் கையில போட்டுக்கிட்டாங்கன்னு பேசுவாங்க. அது கூடப் போகட்டும்." அவள் குரல் இறங்கியது. "பொய்யில நிக்கிற ரூம்ல உக்காந்துக்கிட்டு, எந்தப் பிள்ளைகிட்டங்க நான் உண்மையைச் சொல்லு கண்ணுன்னு கேப்பேன்?"

சட்டத்தை அவன் கையில் கொடுத்தாள். "மாட்டிருங்க. நான் பாயைச் சைக்கிள் ஷெட்டுக்குக் கொண்டு போறேன்."

மூக்கையா சட்டத்தோடு நின்றான். இதை மாட்டினால் வேலை பிழைக்கும். ஆய்வு பிழைக்கும். எல்லாமே பிழைக்கும்... அந்தத் தாழ்ப்பாளைத் தவிர. அவள் இனி அவன் முகத்தில் விழிப்பதைத் தவிர.

சட்டத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நேராகத் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனான். மேசையில் 'டங்'கென்று வைத்தான்.

"மேடம், சட்டம் மொத நாளே வந்துருச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். எர்த்து நல்லாருக்கு. சுவரும் நல்ல சுவருதான், பாவம். அம்புட்டும் பொய்யி. கவுன்சிலர் மேடத்துக்கு ஒண்ணுந் தெரியாது. எட்டு 'பி' ஒழுக்கை அடைச்சிருக்கேன். மழை வந்தாத்தான் காட்ட முடியும், அதுக்குத்தான் நாளைக் கடத்துனேன். கம்பெனிக்குச் சொல்லி வேலையை விட்டு எடுத்தாலும் சரி மேடம்."

ஜெய்தூன் பீவி கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்ப்பா இம்புட்டுப் பாடு? உனக்கு என்ன அந்த ரூம் மேல?"

பொய் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது அவனிடம். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"ரூம் மேல ஒண்ணும் இல்ல மேடம். அவுகளைப் பிடிச்சிருக்கு. ஒரு பிள்ளையைப் பேச வைக்க மூணு வாரம் சும்மா உக்காந்துருக்காக மேடம். நான் ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆக மூணு நிமிசம் பொறுக்க மாட்டேன். அப்படி ஒருத்தர் பக்கத்துல இருந்தா நானும் கொஞ்சம் மனுசனாயிருவேன்னு தோணுது..."

"தம்பி." அவர் கை காட்டி நிறுத்தினார். "இதை எதுக்கு என்கிட்ட சொல்ற? எனக்குப் பேரன் இருக்கான்."

மூக்கையா திரும்பினான். வாசலில், சுருட்டிய பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்புக்கரசி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று கேட்கத் தேவையில்லை. பாய்க்கு மேலே தெரிந்த காதுகள் சிவந்திருந்தன.

அந்த நேரம் பார்த்து, சிறுமலைப் பக்கமிருந்து ஓர் இடி உருண்டு வந்தது.

"சரி," என்றார் ஜெய்தூன் பீவி, ஜன்னலைப் பார்த்து. "மழை வருது. ரெண்டு பேரும் எட்டு 'பி'க்குப் போங்க. பிள்ளைகளை நான் ஹாலுக்கு அனுப்புறேன். மழை விடுற வரைக்கும் கூரையைப் பாருங்க. ஒழுகலைன்னா போர்டு அங்கதான், ரூமு அன்புக்கு. ஒரு சொட்டு விழுந்தாலும் போர்டு அன்பு ரூமுக்கு. பொய் சொல்லாம சொல்லணும்."

மழை வந்தது. ஒரு வாரக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்துக் கொட்டியது. எட்டு 'பி'யின் நடுவில் இருவரும் அண்ணாந்து நின்றார்கள். காதல் வந்தவர்கள் கண்ணோடு கண் பார்ப்பார்கள் என்பார்கள்... இவர்கள் கூரையோடு கூரை பார்த்தார்கள். கழுத்து வலித்தது. கூரை காய்ந்தே இருந்தது.

"மேடம்கிட்ட என்னமோ சொன்னீங்களே..." என்றாள் கூரையிடம்.

"கேட்டீகளா?" என்றான் கூரையிடம்.

"கேட்டேனுங்க. ஆனா என்கிட்ட சொல்லலையே."

மூக்கையா எச்சில் விழுங்கினான். அண்ணாந்தபடி விழுங்குவது சிரமமாக இருந்தது. "உங்களைப் பாத்ததுலருந்து... மூச்சை இழுக்க வருது மேடம். விடத்தான் மறந்து போகுது."

அவள் கூரையில் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கண்ணை ஓட்டினாள்.

"மேடம்னு ஏங்க கூப்பிடுறீங்க?" என்றாள். "பேரு இருக்குதுங்க எனக்கு."

"அன்பு..."

"ம்."

"கோவம் போச்சா?"

"போகலைங்க. ஞாயித்துக்கிழமை ஆயக்குடிக்கு வந்து எங்கப்பாகிட்ட இதே மாதிரி எல்லா உண்மையையும் சொன்னீங்கன்னா... போனாலும் போகும்."

"கம்பால குத்துனதையுமா?"

"அதை மொதல்ல சொல்லுங்க. அப்புறம் மத்ததெல்லாம் அவருக்குச் சின்னதாத் தெரியும்."

அவன் சிரித்தான். சிரித்தபோது கழுத்து தானாக இறங்கியது. அவளும் இறக்கியிருந்தாள். அந்த நாவல்பழங்கள் இரண்டும், இவ்வளவு பக்கத்தில்... அவற்றுக்குள் மழை மொத்தமும் சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது.

வராண்டாவின் கோடியிலிருந்து ஜெய்தூன் பீவியின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா அன்பு! ஒழுகுதா, இல்லையா?"

"ஒழுகலைங்க மேடம்!" என்றாள் அன்புக்கரசி, கூரையைப் பார்க்காமலே.