நாச்சோஸோடு கிள்ளானுக்கு

லிஃப்ட் கதவு திறந்தது. அடுத்த நொடி… 'நொறுக்' என்று ஒரு சத்தம்.

ராஜினி குனிந்து பார்த்தாள். கை நழுவி விழுந்த அவள் பையின் மேல் யாருடைய ஷூவோ ஏறி நின்றது. ஷூவுக்கு மேலே பெரிய மின்விசிறிப் பெட்டி. பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் மெல்ல எட்டிப் பார்த்தது.

"ஐயோ, சாரிங்க… பெட்டி மறைச்சிருச்சு."

"அது நாச்சோஸ்! பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க அலைஞ்சு வாங்கின ஒரே பேக்கெட்!"

"நாச்சோஸா… முறுக்கு மாதிரியா?"

முறைத்தாள். மழையில் நனைந்து வந்திருந்தான். இமைகளில் இன்னும் ஈரம்… திட்டு வாங்கும்போதும் சிரிக்கிற கண்கள். சே, இந்த நேரத்தில் கண்ணையா பார்ப்பது?

அன்று சனிக்கிழமை. பூப்பந்து அரையிறுதியில் மலேசிய ஜோடி ஆடுகிறது. ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் ஆட்டம் பார்க்க அவள் வீட்டுக்கு வருகிறார்கள். 'கடையில வாங்குற மாதிரியே லோடட் நாச்சோஸ் செய்றேன்' என்று பெருமையடித்திருந்தாள். கோழிக் கொத்துக்கறி தயார். அவித்த பீன்ஸ் தயார். சீஸ் துருவியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் பரப்ப வேண்டிய சிப்ஸ் மட்டும்… மாவாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. அவனேதான்! முன்பைவிட அதிகமாக நனைந்து, கையில் ஒரு பொட்டலத்தோடு.

"நான் யுகேந்திரன். மேல் வீட்டு சந்திரகலாவோட தம்பி. உங்க நாச்சோஸ் எந்தக் கடையிலயும் கிடைக்கல லா. சப்பாத்திய முக்கோணமா வெட்டிப் பொரிச்சா அதே மாதிரி வரும்னு அக்கா சொன்னாங்க. அதான் வாங்கிட்டு வந்தேன்."

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

"கிள்ளான்ல தமிழ்ப்பள்ளி வாத்தியார். கணக்குப் பாடம். முக்கோணம் வெட்டுறது மட்டும் என் பொறுப்பு."

சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

அவன் வெட்ட வெட்ட, அவள் பொரித்தாள்.

"சார், இது என்ன முக்கோணம்?"

"இருசமபக்க முக்கோணம்."

"எனக்கு இலங்கை மேப் மாதிரி தெரியுது."

"அப்ப அத நான் சாப்பிட்டுடறேன், வெளிய தெரியாது!"

பொன்னிறச் சிப்ஸைத் தட்டில் பரப்பி, கறியும் பீன்ஸும் அள்ளிப் போட்டு, மேலே சீஸைத் தூவி ஓவன் அடுப்புக்குள் வைத்தார்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்க்க இருவரும் குனிந்தார்கள். சீஸ் உருகியது… குமிழியிட்டது… அவள் அதைப் பார்க்கவில்லை. அவனும்தான்.

நண்பர்கள் வந்துவிட்டார்கள். ஹாலில் ஒரே கூச்சல். கோயிலுக்குப் போயிருந்த, இலங்கைப் பேச்சு மாறாத அம்மா குணேஸ்வரி அப்போதுதான் திரும்பினார். அடுக்களையில் புதிய முகம்.

"தம்பி எவடம்? அப்பா என்ன செய்யிறார்?"

"கிள்ளான், ஆன்டி. அப்பா இல்ல. அம்மா பூக்கடை வெச்சிருக்காங்க. தாத்தா பாட்டி எல்லாம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின கூலிங்க."

"ஓ…"

அந்த ஒரே எழுத்தில் அடுக்களையே சுருங்கிப் போனது. அம்மா ஒரு டப்பாவில் நாச்சோஸை நிரப்பி அவன் கையில் கொடுத்தார்.

"இந்தாங்கோ தம்பி. வீட்டில கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ."

தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "வரேன் ஆன்டி" என்றான். போகும்போது ராஜினியை ஒரு தடவை பார்த்தான்… ஏதாவது சொல்வாளா என்று.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மலேசியா வென்றது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். ராஜினி மட்டும் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பர்கள் போன பிறகு அம்மாவின் எதிரே வந்து நின்றாள்.

"ஏன்மா அப்படி அனுப்பினீங்க?"

"நான் என்ன பிழை விட்டனான்? சாப்பாடு குடுத்துத்தானே அனுப்பினன்."

"சாப்பாடு குடுத்தீங்க. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நானும் சொல்லல… அதுதான் எனக்கு வெட்கமா இருக்கு. நாளைக்கு ஃபைனல். நான் அவர் வீட்டுக்குப் போறேன்."

"ஆர் கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல."

மறுநாள் அவள் சப்பாத்தியைச் சட்டியில் போடப் போகும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"எண்ணெய் காயேல்லை பிள்ளை. கொஞ்சம் பொறு."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் கடைசிச் சிப்ஸை எடுக்கும்வரை அங்கேயே நின்றார்.

சந்திரகலாவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினாள். மடியில் சிப்ஸ் டப்பா, காலடியில் கறியும் சீஸும். ஜன்னலில் மழை வழிந்தது. என்ன சொல்வது? எப்படித் தொடங்குவது? கிள்ளான் வந்துவிட்டது… வார்த்தை மட்டும் வரவில்லை.

கதவைத் திறந்தது அவன் அம்மா இராஜம்மா. உள்ளே பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் டிவி முன்னால் கூடியிருந்தார்கள்.

"யாரும்மா?"

"ராஜினி, ஆன்டி. பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருந்து வரேன். உங்க அடுப்ப கொஞ்சம் கடன் தருவீங்களா?"

கறியையும் சீஸையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், இராஜம்மா உள்ளே போனார். குரல் கேட்டு யுகேந்திரன் எழுந்து வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மேட்ச் பார்க்க வந்தேன்" என்றாள்.

"ஏன், உங்க வீட்ல டிவி இல்லையா?" அந்தக் கண்கள் இன்று சிரிக்கவில்லை.

"இருக்கு. ஆனா நேத்து நீங்க போனதுக்கப்புறம் அதுல என்ன ஓடுச்சுன்னே எனக்குத் தெரியல… நேத்து நான் பேசியிருக்கணும். பயந்துட்டேன். சாரி. எனக்கு உங்கள பிடிச்சிருக்கு. ஒரே நாள்லயான்னு கேட்காதீங்க… எனக்குக் கணக்கு வராது."

அவன் அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான்.

"உங்க அம்மா?"

"கோபமாத்தான் இருக்காங்க. ஆனா நான் பொரிச்சு முடிக்கிறவரைக்கும் கூடவே நின்னாங்க. மிச்சத்தப் பேசிப் பேசித்தான் சரி பண்ணணும். நான் பேசுறேன்."

"நேத்து கீழ இறங்கி மழையிலயே நின்னேன், ராஜினி. பின்னாடியே ஓடி வருவீங்கன்னு… பைத்தியம் மாதிரி." மெல்ல அந்தக் கண்களில் சிரிப்பு திரும்பியது. "எனக்கும் அந்தக் கணக்கு வரல லா."

ஹாலில் திடீரென்று பெரிய ஆரவாரம். யாருக்குப் புள்ளி என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த டப்பாவை வாங்க அவன் கை நீட்டினான்.

டப்பா கை மாறியது. விரல்கள் மட்டும் விலகாமல் அப்படியே இருந்தன…