செல்வம் கொடுத்த பீடிக்கட்டு

திருவொற்றியூரில் யசோதராவின் விஷ ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் மங்கை வந்து நின்றபோது மணி ஒன்று. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் நேற்று அவள் புருஷனின் துணிகளைக் கட்டிக் கொடுத்த பிளாஸ்டிக் பை, போட்ட முடிச்சு அவிழாமல் அவள் மார்போடு இருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நீங்கதான மேடம் என் வூட்டுக்காரருகிட்ட பாம்பு, சங்குன்னு உயிரோட கேட்டுகினு இருப்பீங்க. இப்போ அவரு கட்டையாட்டம் கெடக்குறாரு. மூளை செத்துப்போச்சாம். நாலு மணிக்கு இன்னொரு டெஸ்ட் பண்ணிட்டு மூச்சு மிஷினை எடுத்துருவாங்களாம். எனக்கு வேற யாரையும் தெரியாது."

யசோதரா வியாசர்பாடிக்காரர். எந்த உயிருக்கு எப்படி விஷம் வந்தது, அதில் என்ன மருந்து எடுக்கலாம் என்று பதினைந்து வருஷமாகக் குடைந்துகொண்டிருப்பவர். அவர் பதறவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. மொதல்லேர்ந்து சொல்லு."

மங்கை சொன்னாள். நேற்றுக் காலை கரைக்குத் திரும்பும் வழியில் கடைசி வலையை இழுத்திருக்கிறார்கள். மீன் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் செல்வம், உதடு மரத்துப்போச்சு, எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரியுது என்று சிரித்திருக்கிறான். வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகு காசிமேட்டைத் தொடும்போது மூச்சு திணறிக் கண் செருகிவிட்டது. தலை ஸ்கேனில் ஒன்றுமில்லை. கை காலில் கடிவாய் இல்லை. சந்தேகத்துக்குப் பாம்புக்கடி ஊசி போட்டும் பலனில்லை.

"மயங்குறதுக்கு முன்னாடி பீடிக்கட்டு, தீப்பெட்டி எல்லாத்தையும் ஒண்ணும் பேசாம கூட போட்டுல வந்த விமல் கையில திணிச்சாராம். கெஞ்சினாலும் ஒரு பீடி தராத மனுசன் மேடம். அதான், பூச்சி மருந்து குட்ச்சிட்டுத்தான் எல்லாத்தையும் குட்த்துட்டாருன்னு பேசிக்கிறாங்க. கடலுக்குப் போறப்ப நான் வேற வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்சேன்."

நேற்று முழுக்க அவன் காதோரம் குனிந்து, ஏன்யா குட்ச்ச, ஏன்யா குட்ச்ச என்று அந்த ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள் பாவி மகள்.

"கடல் பாம்புதான் மேடம்," என்றார் உதவியாளர் பாரி. எதிலும் முந்திக்கொள்ளும் ஆள் அவர். "வலையில வந்துருக்கும்."

"மங்கை, யூரின் பையில இன்னா கலரு?"

"எளநி மாதிரி தெளிவாத்தான் கீது. ராவெல்லாம் அதத்தான பாத்துகினு இருந்தேன்."

"கடல் பாம்பு கடிச்சா சதை கரைஞ்சு யூரின் டிகாஷன் கணக்கா எறங்கும் பாரி. இது பாம்பு இல்ல." யசோதரா மங்கையிடம் திரும்பினார். "விமல் கைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த பீடி எங்க இருந்துச்சு?"

"இன்னா மேடம் இதப் போய்க் கேக்குறீங்க. லுங்கி இடுப்பு மடிப்புலதான். போட்டுல எல்லாரும் அங்கதான வச்சுப்பாங்க."

யசோதராவின் கண் அவள் மடியிலிருந்த பைக்குப் போனது. "அத மெதுவா மேஜை மேல வை. உள்ள கைய விடாத."

பாரி பையைக் கிழித்து, இடுக்கியால் லுங்கியைப் பிரித்தார். ஈரம் காயாத இடுப்புச் சுருட்டலுக்குள் விரல் நீளத்தில் ஒரு கூம்புச் சங்கு இருந்தது. மேலெல்லாம் பழுப்புப் புள்ளி, அழகென்றால் அப்படி ஓர் அழகு. அதன் குறுகிய முனையிலிருந்து மெல்லிய குழல் ஒன்று நீண்டு எதையோ தேடியது. நேற்றிலிருந்து அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று தெரிந்ததும் மங்கை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

இரண்டரை மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில், செல்வத்தின் கட்டிலைச் சுற்றி அவனுக்குச் சிகிச்சை பார்க்கும் டாக்டர் லூயிஸ், விமல், மங்கை, பாரி எல்லோரும் நின்றார்கள். சங்கு இருந்த கண்ணாடி டப்பாவை யசோதரா உயர்த்திப் பிடித்தார்.

"இவர் சாகுறதுக்காக பீடியைக் குடுக்கல விமல். எனக்குக் கொண்டுவர இந்தச் சங்கு கெடச்சுது, அத வைக்க இடுப்பு மடிப்பைக் காலி பண்ணாரு. பாம்பா இருந்தா வாளி தேடியிருப்பாரு. சங்குதானேன்னு செருகிட்டாரு. இதுவும் குத்தும்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

விமல் சுவரில் சாய்ந்துவிட்டான். "குனிஞ்சு எதையோ எடுத்தாரு மேடம். நான்தான் சரியாப் பாக்கல. ஊரெல்லாம் வேற சொல்லிட்டேன்."

"ஆனா வலியே இல்லன்னாராமே," என்றார் லூயிஸ்.

"இந்தச் சங்குக்குள்ள இருக்குற நத்தையால மீனைத் துரத்த முடியாது டாக்டர். குத்துன மீன் துள்ளி ஓடிட்டா இதுக்குப் பட்டினிதான். அதனால தலைமுறை தலைமுறையா இதோட விஷம் அப்படி மாறிடுச்சு. வலி தெரியாது, தசையெல்லாம் பூட்டிக்கும். அந்த வலி தெரியாத சமாச்சாரத்தத்தான் நாங்க வலிக்கு மருந்தாக்குறோம். கண்ணு, மூச்சு எல்லாம் பூட்டிக்கிட்டா செத்த மாதிரிதான் இருக்கும். மூளை முழிச்சுக்கிட்டு இருக்கலாம்."

"கடிவாய்?"

"அரைஞாண் கயித்த நகத்திப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. லூயிஸ் தானே குனிந்து அந்தக் கறுப்புக் கயிற்றை விரலால் தள்ளினார். அடியில் ஊசி முனையளவு ஒரு புள்ளி, சுற்றிலும் நீலம் பாரித்திருந்தது.

உடனே மூளை அலை பார்க்கும் கருவி வந்தது. ஒயர்களை ஒட்டி முடித்ததும் திரையில் கோடுகள் ஏறி இறங்கி ஓடின. செத்த மூளை என்றால் நேர்க்கோடுதான் ஓடியிருக்கும். "பேரைச் சொல்லிக் கூப்பிடும்மா," என்றார் லூயிஸ். கட்டின புருஷனை மங்கை இதுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "செல்வம்," என்றாள் வாய் குழற. கோடு சட்டென்று மாறியது.

நாலு மணிப் பரிசோதனையை லூயிஸ் ரத்து செய்துவிட்டார். இதற்கு மாற்று மருந்து கிடையாது, விஷம் தானாக இறங்கும்வரை மூச்சு மிஷின் ஓடினால் போதும் என்றார் யசோதரா. மங்கை அந்த மிஷினின் சத்தத்தை எண்ணிக்கொண்டே கட்டிலோடு கிடந்தாள்.

மறுநாள் மத்தியானம் செல்வத்தின் கட்டைவிரல் அசைந்தது. மூன்றாம் நாள் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். விமல் பீடிக்கட்டைத் தலையணையோரம் வைக்கப்போய் நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மங்கை புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். செல்வம்தான் அவளைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கண்ணால் காட்டினான்.

"ஏன் குட்ச்ச, ஏன் குட்ச்சன்னு கேட்டுகினே இருந்தியே," என்றான், கரகரத்த குரலில். "நான் இன்னாத்தையும் குடிக்கல மங்கை. அத சொல்லத்தான் வாய் வரல."