கடைசிப் படகுக்கும் அப்பால்

வலையை இறக்கியதும் பிலோமினா கம்பத்தில் இருந்த கண்ணிப்பெட்டியை முடுக்கினாள். கரையோர அலைபேசிக் கோபுரங்களைக் கடல் கொண்டுபோன பிறகு கடலில் பேச்சு இப்படித்தான் நடந்தது. ஒரு படகின் பெட்டி அனுப்புவதை அடுத்த படகின் பெட்டி வாங்கி, அதற்கடுத்ததற்குக் கைமாற்றி, கரையில் சேர்க்கும்.

பிறர் பேச்சை அதிகம் சுமக்கும் பெட்டியின் பேச்சுக்கே முதலிடம் என்பது இந்தக் கண்ணிவலையின் சட்டம். படகுக்கூட்டத்தின் நடுவில் மீன்பிடித்த பிலோமினாவுக்கு அது நியாயமாகவே பட்டிருந்தது. அவள் பேச்சு ஒருநாளும் தடைபட்டதில்லை.

அன்று பெட்டியில் சூசையண்ணனின் குரல் துண்டுதுண்டாக வந்தது. கூட்டத்தின் கடைக்கோடியில், ஆழ்கடலில் நின்றது அவரும் கூட்டாளி மிக்கேலும் போன படகு.

"மிக்கேல் கை... வலை இழுக்க வின்ச்சுல... ரத்தம் நிக்கல..."

பிலோமினா உடனே கரை மருத்துவரை அழைத்தாள். "காயத்தை நேரா பாக்காம எங்க கட்டணும்னு எப்படிம்மா சொல்ல? படத்தை விடாம அனுப்பச் சொல்லுங்க" என்றார் அவர்.

"எல்லாரையும் பேச்ச நிறுத்தச் சொல்லுவமாக்கா?" என்றான் கூட்டாளி இன்னாசி.

"நூறு படகு இருக்குல. சொல்லி முடிக்கதுக்குள்ள அவன் உயிர் போயிரும். அண்ணனுக்கு அப்பால யாருமில்ல, அவரு யாரச் சுமப்பாரு? நாம அவருக்கு அப்பால போவோம். வலைய அறு."

"மீனோடயா?"

"மீனோடதான்!"

அறுத்த வலையை விட்டுவிட்டு, படகு சூசையின் படகைத் தாண்டிப் பாய்ந்தது. பிலோமினா மீன் தேட எடுத்துத் தன் பெட்டியில் சேர்ந்திருந்த கடலடிப் படங்களையெல்லாம் அவர் பெட்டி வழியாகக் கரைக்குத் தள்ளிவிட்டாள். சுமை ஏற ஏற வரிசையில் அவருடைய இடம் மேலேறியது. சற்று நேரத்தில் மருத்துவரின் குரல் அறுபடாமல் கேட்டது: "முழங்கைக்கு மேல. இன்னும் இறுக்குங்க. ஆங், அப்படித்தான்."

ரத்தம் நின்றது. சூசை கரையை நோக்கித் திரும்பினார். வழிநெடுக மருத்துவர் பார்த்துக்கொண்டே வர வேண்டுமென்பதால் பிலோமினா அவர் பின்னாலேயே படகை விட்டாள். வீட்டுக்குச் சொல்லலாமென்று அழைத்தபோது, காத்திருக்கச் சொன்னது பெட்டி. மறுபடி அழைத்தாள். அதே பதில்தான்.

"இப்ப நாமதாங்க்கா கடைசி" என்றான் இன்னாசி.

"இருக்கட்டும்ல."

கொஞ்ச தூரம் போனதும் பேசலாம் என்று பெட்டி தானாகவே பச்சை காட்டியது. பிலோமினா திரும்பிப் பார்த்தாள். லூர்தம்மாளின் படகு, கூட்டத்தை விட்டு அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"பேசுக்கா, நான் இருக்கேன்" என்றது பெட்டியில் அவள் குரல்.

"ஒனக்குப் பின்னால யாருட்டி?"

"வருவாவ" என்றாள் லூர்தம்மாள்.